ஹேமண்ட், ரோட்ஸ் ஒலி வேண்டுமா? பழைய கருவியா டிஜிட்டலா என்று முடிவெடுக்க நெல்லைப் பக்கத்து வழிகாட்டி

நம் பக்கம் கீபோர்டு வாசிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் கை பழகியவர்கள். ஒன்று ஆலயம், இன்னொன்று கொடை விழாக் கச்சேரி. எந்த வழியில் வந்தாலும் ஒரு கட்டத்தில் அந்த ஆசை வந்துவிடும்: சுழன்று சுழன்று எழும் ஹேமண்ட் ஆர்கன் ஒலி, இல்லையென்றால் ரோட்ஸ் எலக்ட்ரிக் பியானோவின் மணி போன்ற ஒலி. கடையில் கேட்டால் "எல்லாம் இதுக்குள்ளேயே இருக்கு சார்" என்பார்கள். வீடியோவில் பார்த்தால் "ஒரிஜினலுக்கு ஈடே கிடையாது" என்பார்கள். இரண்டு பேருமே நம் ஊர்க் கரண்டையும் நம் ஊர் ஸ்பீக்கரையும் கணக்கில் எடுத்துப் பேசுவதில்லை. எங்கள் சபைக்காகவும் எனக்காகவும் பாளையங்கோட்டை, மதுரை, சென்னை, தூத்துக்குடி என்று அலைந்து தெரிந்துகொண்டதைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. எந்த ஒலி வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஹேமண்டுக்குள் ஒரு மோட்டார் ஓடும். அது விளிம்பில் பல் வெட்டிய இரும்புச் சக்கரங்களைச் சுழற்றும். பேர்போன பி-3 மாடலில் மொத்தம் 91 சக்கரங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு காந்தமும் கம்பிச் சுருளும் (காயில்) இருக்கும். எந்தச் சக்கரத்தின் ஒலி எவ்வளவு கலக்க வேண்டும் என்பதை ஒன்பது டிராபார்களை (இழுத்துத் தள்ளும் கட்டைகளை) 0 முதல் 8 வரை இழுத்துத் தீர்மானிக்கிறோம். அது வெளியே வருவது லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக. அந்தப் பெட்டிக்குள் மேலே ஒரு கொம்பும் கீழே ஒரு உருளையும் சுழலும்.

ரோட்ஸில் சுத்தியல் ஒரு மெல்லிய எஃகுக் கம்பியைத் தட்டும், எதிரே இருக்கும் பிக்கப் அதைப் பிடிக்கும். வுர்லிட்சரில் கம்பிக்குப் பதில் தட்டையான எஃகு ரீடு. ரோட்ஸ் மென்மையாக மணி அடிக்கும், வுர்லிட்சர் கொஞ்சம் மூக்கால் பாடும்.

பாமாலை வாசிக்க ஹேமண்ட் நன்றாகப் பொருந்தும். எழுபது, எண்பதுகளின் மெல்லிசைப் பாட்டுகளுக்கு எலக்ட்ரிக் பியானோதான் அதிகம் கைகொடுக்கும். கீர்த்தனைக்கு ஹேமண்ட் ஒத்துவராது என்பது என் எண்ணம். ஒத்துவரும் என்கிறவர்களோடு சண்டைக்கு வரவில்லை. இரண்டு ஒலியும் சமமாக வேண்டும் என்றால் நேரே நான்காம் படிக்குப் போய்விடுங்கள், பழைய கருவிப் பேச்சு உங்களுக்கு வேண்டாம்.

2. பழைய ஹேமண்ட் என்று யாராவது சொன்னால், பின்பக்கத் தகட்டைப் படியுங்கள்

முதலில், அது ஹேமண்ட்தானா? இரண்டு அடுக்குக் கீபோர்டும் காலுக்கு நாலு கட்டையும் இருந்தாலே ஹேமண்ட் என்று விற்கப் பார்ப்பார்கள். வீட்டு உபயோகத்துக்கு வந்த டிரான்சிஸ்டர் ஆர்கன்கள் பலவும் அப்படித்தான் இருக்கும். ஹேமண்ட் என்று பெயர் போட்டிருந்தாலும் போதாது. டோன்வீல் ஆர்கன், அதாவது மேலே சொன்ன சக்கரம் உள்ள ஆர்கன் தயாரிப்பை அந்த நிறுவனம் 1975-ஓடு நிறுத்திவிட்டது. அதன்பின் வந்தவற்றுக்குள் சக்கரம் கிடையாது. பி-3, சி-3 வகையில் 'ஸ்டார்ட்', 'ரன்' என்று இரண்டு ஸ்விட்ச் தனித்தனியாக இருக்கும். ஸ்டார்ட்டை எட்டு விநாடி போல அழுத்திப் பிடித்தால் உள்ளே சக்கரங்கள் வேகம் பிடிக்கும் உறுமல் கேட்கும். பிறகு அதை விடாமலே ரன்னைப் போட்டு, இன்னும் நாலு விநாடி கழித்து ஸ்டார்ட்டை விட வேண்டும். விற்பவருக்கு இந்த வரிசை தெரியவில்லை என்றால் அந்தக் கருவி ஓடிப் பல வருஷம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பெரிய பொறி. தகட்டில் '117 வோல்ட், 60 சைக்கிள்' என்று இருந்தால் நின்று யோசியுங்கள். "ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டால் சரியாகிடும்" என்று எனக்கும் அடித்துச் சொன்னார்கள். டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை (தகட்டில் சைக்கிள் என்று இருப்பது) மாற்றாது. ஹேமண்டின் மோட்டார் கரண்டின் ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. அமெரிக்காவில் 60, நம் ஊரில் 50. அதனால் ஆர்கன் முழுவதும் ஏறக்குறைய மூன்று அரைக்கட்டை இறங்கிவிடும். நீங்கள் ஒரு கட்டை 'சி' அழுத்தினால் ஆறு கட்டை 'ஏ'-க்கும் கொஞ்சம் கீழே ஒலிக்கும். அந்த 'கொஞ்சம்'தான் வினை. டிரான்ஸ்போஸ் பண்ணி வாசித்தாலும் மற்ற வாத்தியங்களோடு சுருதி சேராது. லெஸ்லி மோட்டாரும் அமெரிக்க மாடல் என்றால் மெதுவாகச் சுற்றும், சூடும் ஏறும்.

தீர்வு இருக்கிறது. 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் தரும் ப்யூர் சைன் இன்வெர்ட்டர் ஒன்றை பேட்டரியோடு வைத்து ஓட்டலாம். வண்ணார்பேட்டைக் கடைகளில் கிடைக்கும் வீட்டு இன்வெர்ட்டர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் கொடுப்பது. அது உதவாது, சொல்லித்தான் வரவழைக்க வேண்டும். தகட்டிலேயே 50 சைக்கிள் என்று இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கொடை மேடையில் ஜெனரேட்டர் என்றால் 50 சைக்கிள் மாடலும் தப்பாது. கிரிட் கரண்ட் 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் நிற்கும், காதுக்குத் தெரியாது. ஜெனரேட்டர் 51-க்குப் போனால் அரைக்கட்டையில் மூன்றில் ஒரு பங்கு சுருதி ஏறிவிடும். சீரியல் செட்டும் ஃபோகஸ் லைட்டும் எரிந்து அணைகிறபோதெல்லாம் சுருதி ஆடும்.

எடையைப் பிறகு சொன்னால் திட்டுவீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். பெடலும் பெஞ்சும் சேர்ந்த பி-3 கிட்டத்தட்ட 190 கிலோ. லெஸ்லி தனி. வருஷம் ஒரு தடவை அதற்கென்றே விற்கிற எண்ணெயைப் பின்பக்கத்துச் சின்னக் கிண்ணங்களில் ஊற்ற வேண்டும். அங்கிருந்து பஞ்சு நூல் வழியாக ஒவ்வொரு சக்கரத்துக்கும் எண்ணெய் போகும். தையல் மெஷின் எண்ணெய், கிரீஸ் எதையாவது ஊற்றி வைத்திருந்தால் நூல் அடைத்துக்கொண்டிருக்கும். டார்ச் அடித்து அந்த நூலைப் பாருங்கள். கறுத்துப் பிசுபிசுத்திருந்தால் வந்த வழியே திரும்பிவிடலாம்.

என் தீர்ப்பு: நம் ஊரில் ஆலயத்துக்கோ கச்சேரிக்கோ பழைய ஹேமண்ட் வேண்டாம். வீட்டில் வைத்து ரசிக்க இடமும் பணமும் பொறுமையும் இருந்தால் அது உங்கள் பாடு.

3. பழைய ரோட்ஸ் கிடைத்தால் பேச்சே வேறு

ரோட்ஸின் 'ஸ்டேஜ்' மாடலுக்குக் கரண்டே வேண்டாம். கிட்டார் மாதிரி, ஒரு கேபிளை ஆம்ப்ளிஃபயரில் செருகினால் போதும். 60 சைக்கிள், 50 சைக்கிள் எந்தக் கவலையும் இல்லை. 73 கீ உள்ளது ஏறக்குறைய 60 கிலோ. நாலு கால் கழற்றி மூடியைப் போட்டால் மினி வேனில் போய்விடும். 'சூட்கேஸ்' மாடலில் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிறது, அதற்குக் கரண்ட் வேண்டும், எடையும் கூடுதல்.

பார்க்கும்போது 73 கீயையும் ஒன்று விடாமல் மெதுவாக ஒரு தரம், ஓங்கி ஒரு தரம் தட்டுங்கள். 'டொக்' என்று செத்த ஒலி வந்தால் கம்பி உடைந்திருக்கும் அல்லது உடையப் போகிறது. கம்பி, சுத்தியல் முனை, டேம்பர் எல்லாம் இன்றைக்கும் புதிதாகத் தயாரித்து விற்கிறார்கள், ஆனால் வெளிநாட்டிலிருந்துதான் வரும். உடைந்த கம்பி ஒவ்வொன்றும் விலையில் கழிக்க வேண்டிய தொகை. சுருதி சேர்ப்பது எளிது: கம்பி மேல் ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும், முன்னே பின்னே நகர்த்தினால் போதும். ஆத்தூர், காயல்பட்டினம் போன்ற கடலோர வீட்டில் இருந்தது என்றால் கம்பிகளில் துரு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

வுர்லிட்சர் 200ஏ 64 கீ, எடை 25 கிலோதான், ஸ்பீக்கரும் உள்ளேயே. ஆனால் இதற்குக் கரண்ட் வேண்டும், அமெரிக்க மாடல் 117 வோல்ட். இங்கே ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் போதும், ஏனென்றால் சுருதி ரீடில் இருக்கிறது, மோட்டாரில் இல்லை. ரீடின் நுனியில் ஈயப்பற்றுப் பொட்டு ஒன்று இருக்கும். அதை அரத்தால் ராவினால் சுருதி ஏறும், பற்று சேர்த்தால் இறங்கும். இதை வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். உள்ளே ரீடு பக்கம் 150 வோல்ட் அளவுக்கு மின்சாரம் நிற்கும். ஓங்கி வாசிக்கிற கை உங்களுடையது என்றால் ரீடும் அடிக்கடி உடையும்.

4. டிஜிட்டலில் மூன்று வழி, மூன்று விலை

முதல் வழி, கையில் இருக்கும் லேப்டாப். 61 கீ மிடி கன்ட்ரோலர் (தனக்கென ஒலி இல்லாமல் லேப்டாப்பை ஒலிக்க வைக்கும் கீபோர்டு) 12,000 முதல் 20,000 ரூபாய், ஆடியோ இன்டர்ஃபேஸ் (லேப்டாப்பின் ஒலியை வெளியே எடுக்கும் பெட்டி) 8,000 முதல் 15,000. மென்பொருளில் 'செட்பிஃப்ரீ' இலவசம். காசு கொடுத்தால் 'விபி3', ஆர்ட்டூரியாவின் 'பி-3 வி', எலக்ட்ரிக் பியானோவுக்குப் 'பியானோடெக்' என்று நிறைய. மொத்தம் 40,000-க்குள் முடிக்கலாம். ஒலியில் இதுதான் பல நேரம் ஒரிஜினலுக்கு மிக அருகில் வரும். சங்கடம் வேறு இடத்தில்: இன்டர்ஃபேஸ் இல்லாமல் லேப்டாப்பின் ஹெட்ஃபோன் ஓட்டையில் எடுத்தால் கீ அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் ஒலி வரும். பஃபரை (லேப்டாப் ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவை) 128-இல் வையுங்கள், பஃபரால் வரும் தாமதம் 3 மில்லிவிநாடிக்குள் நிற்கும். சித்திரை வெயிலில் பந்தல் மேடையில் லேப்டாப் சூடேறித் திணறும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, டிராபார் உள்ள ஸ்டேஜ் கீபோர்டு. யமஹா ஒய்சி61, ரோலண்ட் விஆர் வரிசை, நார்டு எலக்ட்ரோ, ஹேமண்டின் எஸ்கே ப்ரோ எல்லாம் இந்த வகை. ஒரு லட்சத்தை ஒட்டித் தொடங்கி இரண்டு, மூன்று லட்சத்தைத் தாண்டும். ஆலயத்துக்கும் கச்சேரிக்கும் நான் சொல்வது இதைத்தான். போட்டவுடன் ஒலிக்கும், அப்டேட் கேட்டு நடுப்பாட்டில் நிற்காது.

மூன்றாவது, ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் அரேஞ்சர் கீபோர்டு, அதாவது தாளமும் பின்னணியும் தானே வாசிப்பது. அதில் 'ராக் ஆர்கன்' என்று ஒரு பட்டன் இருக்கும். டிராபார் இல்லை என்றால் அது ஒரே ஒரு பதிவு, அவ்வளவுதான். பாட்டு வளர வளர ஒலியை வளர்க்க முடியாது. இருந்தாலும் காலால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஒரு எக்ஸ்பிரஷன் பெடல் வாங்கிச் செருகிக் கொஞ்ச நாள் வாசித்துப் பாருங்கள். அதுவே போதும் என்று பலருக்குத் தோன்றிவிடுகிறது. பெடல் 3,000 முதல் 6,000 வரை. ஒரு கம்பெனி பெடல் இன்னொரு கம்பெனி கீபோர்டில் தலைகீழாகவோ பாதி தூரமோ வேலை செய்யும், ஒயரிங் வேறு. கீபோர்டைக் கொண்டுபோய்ச் செருகிப் பார்த்தே வாங்குங்கள்.

5. கடையில் கை வைத்துச் சோதிக்கும் வரிசை

டெமோ பட்டனை அழுத்த விடாதீர்கள். அது கம்பெனி வாசிப்பது.

ஆர்கனுக்கு: பெர்க்கஷனை (ஒலியின் தொடக்கத்தில் 'டிங்' என்று தட்டும் வசதியை) போட்டு ஒரு கீயை அழுத்திப் பிடித்தபடி இன்னொன்றைத் தட்டுங்கள். ஒரிஜினலில் அந்த 'டிங்' முதல் கீக்கு மட்டும்தான் வரும். எல்லாக் கீயையும் விட்டபின்தான் மறுபடி வரும். தட்டுகிற ஒவ்வொன்றுக்கும் வந்தால் அந்தக் கீபோர்டு ஹேமண்டைப் பெயருக்குத்தான் வைத்திருக்கிறது. பெர்க்கஷன் போட்டதும் பி-3-இல் கடைசி டிராபார் ஊமையாகிவிடும்; நல்ல டிஜிட்டலில் அதையும் வைத்திருப்பார்கள்.

அடுத்து, கீயை மிக மெதுவாக இறக்குங்கள். ஹேமண்டில் ஒவ்வொரு கீக்கும் அடியில் ஒன்பது தொடுமுனைகள், இறக்கத்தின் தொடக்கத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாகத் தொடும். 'டிக்' என்ற அந்தக் கீ கிளிக் அதனால் வருவதுதான். முழுக்க அழுத்தினால்தான் ஒலிக்கும் என்றால் வேகமான வாசிப்பில் விரல் பின்தங்கும். பியானோ மாதிரி கனமான 88 கீ ஆர்கனுக்கு ஆகவே ஆகாது. கீயின் முன் விளிம்பு உதடு நீட்டாமல் மழுங்கலாக இறங்குகிறதா என்றும் தடவிப் பாருங்கள். உள்ளங்கையால் இழுத்து வாசிக்கும்போது நீட்டிய விளிம்பு தோலைக் கிழிக்கும்.

இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் கீபோர்டு மேல் அப்படியே படுக்க வையுங்கள். ஒரு ஒலியும் அறுபடக் கூடாது. அந்தப் பிடியிலேயே யாரையாவது டிராபாரை இழுக்கச் சொல்லுங்கள். படிப்படியாகக் குதிக்காமல் வழுக்கிக்கொண்டு மாற வேண்டும். பிறகு '1 அடி' டிராபாரை மட்டும் இழுத்து மேல்கோடிக்கு ஏறுங்கள். ஒரிஜினலில் சக்கரம் தீர்ந்து போவதால் சுருதி ஒரு ஆக்டேவ் இறங்கித் திரும்பவும் ஏறும். மேலே போகப் போகக் கீச்சென்று காதைக் குத்தினால் அந்த நுணுக்கம் அதில் இல்லை.

லெஸ்லிக்கு ஒரு நீண்ட கார்டு பிடித்து மெதுவிலிருந்து வேகத்துக்கு மாற்றுங்கள். கொம்பு சட்டென்று வேகம் பிடிக்கும், அடி உருளை கனமானது, நிதானமாக வந்து சேரும். இரண்டும் ஒன்றாக வேகமெடுத்தால் அது லெஸ்லி இல்லை, வெறும் அலை.

ரோட்ஸ் ஒலிக்கு ஒரே கீயை மெலிதிலிருந்து ஓங்கல் வரை பத்துப் பன்னிரண்டு தரம் தட்டினால் போதும். மணி ஒலியிலிருந்து உறுமலுக்குப் படி தெரியாமல் ஏற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் 'டக்'கென்று வேறு ஆளாக மாறினால் பதிவுகளை ஒட்டிய இடம் அது. ஒரே வேகத்தில் திரும்பத் திரும்பத் தட்டும்போது அச்சு அசலாக ஒரே ஒலி வந்தாலும் அலுப்புத்தான். அசல் ரோட்ஸில் கம்பி ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும்போது அடி விழுவதால் ஒவ்வொரு தட்டும் சற்று வேறாக இருக்கும்.

6. மோனோவில் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்

இதை ஒருவரும் சொல்ல மாட்டார்கள். கடையில் ஹெட்ஃபோனில் கேட்பது ஸ்டீரியோ. நம் ஆலயங்களிலும் கொடை மேடைகளிலும் சவுண்டு செட்காரர் மிக்ஸரில் ஒரு சேனல்தான் தருவார், ஸ்பீக்கர் எத்தனை கட்டினாலும் எல்லாம் மோனோ. லெஸ்லியின் இடது, வலது ஒலிகளை ஒன்றாகக் கலக்கும்போது சில கீபோர்டுகளில் ஒலி மெலிந்து டப்பாவுக்குள் போய்விடும். ரோட்ஸ் சூட்கேஸ் வகை ட்ரெமோலோ இடமும் வலமும் மாறி மாறி ஓடுவது. மோனோவில் அது இருக்கிற இடமே தெரியாது. கடையிலேயே 'லெஃப்ட்/மோனோ' என்று எழுதிய ஓட்டையில் மட்டும் கேபிளைச் செருகி ஒரு ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள். மோனோவில் வுர்லிட்சர் ஒலிக்கு நஷ்டம் இல்லை, அதன் ட்ரெமோலோ ஒலியைக் கூட்டிக் குறைப்பது மட்டுமே.

கூடவே ஒரு டிஐ பாக்ஸ் (கீபோர்டுக்கும் மிக்ஸருக்கும் நடுவில் செருகும் சின்னப் பெட்டி) வாங்கிக்கொள்ளுங்கள், சில ஆயிரம் ஆகும். எர்த் சரியில்லாத மேடையில் வரும் 'ம்ம்ம்' சத்தம் அதோடு பெரும்பாலும் நின்றுவிடும்.

7. காகிதங்கள்

சபைக்கு வாங்குவதானால் சேகர கமிட்டித் தீர்மானம், மூன்று கடைக் கோட்டேஷன், சபையின் பெயரில் ஜிஎஸ்டி பில். கோட்டேஷனில் கீபோர்டு மட்டும் இருக்கும். ஸ்டாண்டு, பெடல், கேஸ், டிஐ பாக்ஸ் எல்லாவற்றையும் அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு தனியாகக் கேட்டால் பொருளாளர் முகம் மாறும். பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும், வாரண்டி அட்டையில் உள்ள நம்பரோடு அது ஒத்துப்போக வேண்டும். சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்று எழுதி வாங்குங்கள். "இங்கேயே பார்த்துத் தருவோம்" என்பது பல சமயம் சென்னைக்குப் பார்சல் போடுவதுதான், கூலி உங்களுடையது. வேறு மாநிலக் கடையிலிருந்து லாரியில் வந்தால், மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டும்போது இ-வே பில் (சரக்கு வழியில் போவதற்கான ஜிஎஸ்டி சீட்டு) அவர்கள் எடுக்க வேண்டும்.

"துபாயிலிருந்து மச்சான் வர்றான், கொண்டுவந்திடுவான்" என்ற திட்டத்துக்கு மூன்று கேள்வி: விமானத்தில் அந்த நீளத்தை ஏற்றுவார்களா, சுங்க வரி வரம்பைத் தாண்டுகிறதா, இந்தியாவில் வாரண்டி செல்லுமா. மூன்றாவதற்குப் பெரும்பாலும் இல்லை என்பதே பதில்.

பழைய ரோட்ஸைக் கப்பலில் தூத்துக்குடிக்கு வரவழைக்க நினைத்தால், பணம் அனுப்பும் முன் ஒரு கிளியரிங் ஏஜெண்டைப் பாருங்கள். பயன்படுத்திய பொருள் இறக்குமதிக்கு டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம்) அனுமதி தேவையா என்பதை அவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சொந்த உபயோகத்துக்கு ஐஇசி (இறக்குமதி-ஏற்றுமதி) நம்பர் வேண்டாம், ஆனால் ஆதார், பான், விற்றவரின் பில், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்குச் சீட்டு) வேண்டும். வரி கருவியின் விலைக்கு மட்டும் போடுவதில்லை, கப்பல் கூலியும் இன்சூரன்சும் சேர்த்த தொகைக்குப் போடுவார்கள். மரப்பெட்டியில் ஐஎஸ்பிஎம் 15 (மரத்தில் பூச்சி இல்லாதபடி பதப்படுத்தியதற்கான) முத்திரை இல்லையென்றால் பெட்டியே பிரச்சினை ஆகும். துறைமுகத்தில் இலவசமாக வைத்திருக்கும் நாட்கள் முடிந்தால் தினக் கட்டணம் ஓடத் தொடங்கும். காகிதம் எல்லாம் கப்பலுக்கு முன்னே வந்து சேர வேண்டும்.

8. எப்போது வாங்குவது

ஆலயத்துக்கு என்றால் ஆவணி, புரட்டாசிக்குள் கை சேர்ந்துவிட வேண்டும். கார்த்திகை பிறந்தால் கேரல் ஒத்திகை ஆரம்பம், கடையில் கேட்ட மாடல் இருக்காது, 'ஆர்டர் போட்டிருக்கோம்' என்பார்கள். ஐப்பசி மழையில் பார்சல் நனைகிற ஆபத்தும் உண்டு. கச்சேரிக்காரர்கள் கொடை சீசன் முடிந்து ஆவணியில் போய்ப் பேசினால் விலை கொஞ்சம் இறங்கும்; அந்த நேரத்தில் சீசனுக்கென்று வாங்கியவர்களின் கீபோர்டுகளும் கைமாற வரும். கைமாற்றில் வாங்கினால் பழைய பில்லை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். எல்லா டிராபாரையும் இழுத்துத் தள்ளிப் பாருங்கள், கரகரவென்று சத்தம் வந்தால் தூசி ஏறியிருக்கிறது.

பெட்டி வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். அன்றைக்கே ஒவ்வொரு கீயையும் தட்டி, ஒவ்வொரு ஓட்டையிலும் கேபிள் செருகிப் பாருங்கள். மாற்றித் தரும் கெடு கடையில் சில நாட்கள்தான். அடாப்டரில் மாடல் பெயரை எழுதி ஒட்டி வையுங்கள். மேடையில் ஒரே மாதிரி கறுப்பு அடாப்டர் நாலு கிடக்கும், அவசரத்தில் வேறொன்றைச் செருகிவிட்டால் போர்டு போய்விடும். அதை வாரண்டியிலும் சேர்க்க மாட்டார்கள்.